வாய்க்கால் பக்கத்து வாசல்

தொடர்கதை வருகிற வாரப் பத்திரிகை எங்கள் ஊருக்கு வியாழக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வரும். டீக்கடையில் ஆண்கள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, கடைக்காரர் அதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புவார். அதற்குள் அட்டையில் டீ கிளாஸின் வட்டம் விழுந்திருக்கும். எனக்கு அதில் ஒன்றும் குறையில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு, படித்தது மறந்து போகாமல் இருந்ததே அந்தப் பத்திரிகையால்தான்.

நாங்கள் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்தவர்கள். எங்கள் வயலில் நடவு முடிந்ததும் நான் மற்ற வயல்களுக்கும் நடவுக்குப் போவேன். கீழத்தெருப் பெண்களோடு ஒரே வரிசையில் குனிந்து நிற்பேன். அவர்களை நடவுக்குச் சேர்த்துக் கூட்டிவருகிற பெண்ணை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டதற்காக எங்கள் தெருவில் பேச்சு வாங்கியிருக்கிறேன். மத்தியானம் கஞ்சி குடிக்க வரப்பில் உட்காரும்போது, மடியில் செருகி வைத்திருக்கும் பத்திரிகையை எடுத்துத் தொடர்கதையை வாசிப்பேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. வாசிக்க வரும். எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

கைக்குழந்தையோடு புருஷன் வீட்டை விட்டு வெளியேறிய ஒரு பெண்ணின் கதை அது. ஒரு வாரம், அவள் தெரியாத ஊரில், அடைமழையில், யாருடைய வீட்டு வாசலிலோ வந்து நிற்பதோடு ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் பஸ் வரவில்லை. கூலித் தகராறு முற்றியிருந்த சமயம். பண்ணையார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கப் போகிறார் என்று பேச்சு. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பத்திரிகை வாங்கக் குத்தாலம் கடைத்தெருவுக்கு நடந்துதான் போக வேண்டும், போனாலும் வழியில் போலீஸ் நிறுத்தும். எங்களைப் போன்ற சின்னக் குத்தகைக்காரர்கள், கேட்ட கூலியைக் கொடுத்துவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டதால் எங்கள் வயல்களில் மட்டும் நடவு நடந்தது. மத்தியானம் எல்லோரும் கஞ்சித் தூக்கோடு உட்கார்ந்தார்கள்.

"என்னம்மா, மடி காலியா இருக்கு?" என்றார் அக்கா.

"பஸ் வரலக்கா."

"பஸ் வரலேன்னா அவ மழையிலயே நிக்கிறதா? கையில புள்ள வேற."

"யாராச்சும் கதவத் தொறந்து உட்டிருப்பாங்க" என்றாள் ஒருத்தி.

"தொறந்து உட்டா? விடிஞ்சா தெருவே கூடிடும். யாரு இவ, எந்த ஊரு, புருஷன் எங்கன்னு."

"அப்பத் தெருப் பக்கம் வாசலே வேணாம்" என்றார் அக்கா. "வாய்க்கா பக்கமா வாசல் வையி. இடுப்புல ஒரு கொடத்த வச்சுக்கிட்டுப் போனா வந்தா எவன் கேக்கப் போறான்?"

அது உண்மைதான். எங்கள் ஊரில் ஒரு பெண் தெருவில் வெறுங்கையோடு நடந்தால், எங்கே போகிறாய் என்று பத்துப் பேர் கேட்பார்கள். இடுப்பில் குடம் இருந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினாலும் வாய்க்கால் துறையில் கூட்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் அழ முடியாததை நாங்கள் அழுததும், சண்டை போட்டதும், சிரித்ததும் எல்லாம் அந்தக் குடத்தின் பேரில்தான்.

அப்புறம் ஆளாளுக்கு அந்த வீட்டைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். வாசல் நிலை உயரமாக இருக்க வேண்டும், தலை குனியாமல் உள்ளே போக வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். அவர்கள் குடிசைகளில் கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் நுழைய வேண்டியிருக்கும். வாசலிலேயே குடம் வைக்க ஒரு மேடை வேண்டும் என்றாள் இன்னொருத்தி. ஜன்னல், உட்கார்ந்தால் தண்ணீர் தெரிகிற மாதிரி. ஆனால் வெளியிலிருந்து எட்டிப் பார்க்க முடியாத மாதிரி. அது எப்படி முடியும் என்று ஒரு தகராறு. கடைசியில் அக்கா சொன்னார்: "மனை அவ பேருல இருக்கணும். போடின்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

அதோடு எல்லோரும் தூக்கைக் கழுவ எழுந்துவிட்டார்கள். பண்ணையார் மனையில் குடிசை போட்டிருந்தவர்கள் அவர்கள். எந்த நிமிஷமும் பிரித்துக்கொண்டு போ என்பார்கள் என்ற பயம் அந்த வருஷம் எல்லோருக்கும் இருந்தது.

பஸ் ஓடத் தொடங்கியதும் புதுப் பத்திரிகை வந்தது. அதில் அந்தப் பெண் ஏற்கெனவே சென்னையில், ஒரு டாக்டரம்மா வீட்டில் இருந்தாள். வாசித்துக் காட்டினேன். "இது வேற யாரோ" என்று அக்கா சொல்லிவிட்டார். "நம்மாளு வாய்க்கா வீட்டுலதான் இருக்கா."

இதெல்லாம் நடந்து சில வருஷம் கழித்து ஊரில் படிப்பகம் கட்டுகிற பேச்சு வந்தது. களத்துமேடு என்று ஒரு இடம், ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில். கதிரடிக்கிற களம். பண்ணையார் தன்னுடையது என்றார். கூலி ஆட்களின் சங்கத்துக்காரர்கள் பொது என்றார்கள். இவர் ஆள் வந்து கம்பி வேலி போட்டால், அவர்கள் வந்து பிடுங்கிக் கொடி நடுவார்கள். ஒரு அறுவடையின்போது அங்கே மண்டை உடைந்தது. தாசில்தார் வந்து அளந்து, புறம்போக்கு என்று எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு தரப்பும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தன.

பஞ்சாயத்துத் தலைவர் ஆளுங்கட்சிக்காரர். மேடையில் நன்றாகப் பேசுவார். "கட்டடம் எழும்பலேன்னா அங்க மறுபடியும் கொடிக்கம்பந்தான் எழும்பும்" என்று சொல்லி, முதியோர் கல்விக்கென்று பெண்களுக்கு ஒரு படிப்பகம் வாங்கிவந்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் சுவர் எழும்பவில்லை என்றால் வேறு ஊருக்குப் போய்விடும் என்று மேலே சொல்லியிருந்தார்களாம். நான் வரப்பில் வாசிப்பது அவருக்குத் தெரியும். என்னையே அங்கே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் வழியாகத்தான் கேட்டனுப்பினார்.

"போய்ப் பாரு" என்றார் வீட்டுக்காரர். "வாயத் தொறக்க முடியலேன்னா திரும்பி வந்துடு. வீட்டுல மட்டுமாவது நல்லாத் தொறக்கறியே."

எனக்கு அந்தப் படிப்பகம் வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு ஆசையாக அதற்கு முன் எதையும் நான் கேட்டதில்லை. இதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை, மனதுக்குள்தான்.

யூனியன் ஆபீஸிலிருந்து ஓவர்சீயர் வந்தார். சைக்கிளில் வந்த ஒல்லியான மனிதர். மதகுக் கட்டையில் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் மூலைக்கு மூலை கல் வைத்தார். பெண்களையும் கேட்டுச் செய்யச் சொல்லி உத்தரவாம். தலைவர் அவர் பக்கத்திலும் நாங்கள் பத்துப் பேர் வாய்க்கால் கரையிலும் நின்றோம்.

"இதான் வாசல், ரோட்டைப் பாத்து. இந்தப் பக்கம் ஜன்னல். வேற ஏதாவது இருந்தாச் சொல்லுங்கம்மா."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே டீக்கடை. அதை ஒட்டிக் கட்சிப் படிப்பகம், ஆண்களுக்கு. பெஞ்சு போட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாசலில் சிலேட்டோடு நுழைகிற பெண்ணை நான் மனதுக்குள் நினைத்துப் பார்த்தேன். ஒருத்தி கூட வர மாட்டாள். நானே வர மாட்டேன். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"வாசல இந்தப் பக்கம் வைங்க" என்றார் அக்கா. "கதையில வர்ற வீடு மாதிரி."

"எந்தக் கதையிலம்மா?"

அக்கா கதையைச் சொன்னார். ஓவர்சீயரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அந்தத் தொடர்கதையா! எங்க வீட்ல ஒரு வாரம் விடாம படிச்சோமே. ஆனா அதுல வாய்க்கா பக்கம் வாசல் வச்ச வீடு ஏதும்மா? அந்தப் பொண்ணை டாக்டரம்மா கார்ல ஏத்திக்கிட்டுல்ல போனாங்க?"

"உங்க ஊருல கார் வந்திருக்கும். எங்க ஊருக்கு பஸ்ஸே வரல. நாங்க என்ன பண்றது, அவள நனையவா உட முடியும்?"

ஓவர்சீயர் விழுந்து விழுந்து சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. "கதைய வச்சுக் கட்டடம் கட்டுவாங்களா? நாலு ஊரு போற வர்ற ரோடு. வாசல் ரோட்டைப் பாத்து இருந்தாத்தான் படிப்பகம்னு ஒண்ணு இருக்கறதே தெரியும்."

"அப்ப ரெண்டு வாசல் வைங்க" என்றார் அக்கா.

"நிலைக்கு மரம்? அனுமதிச்சது ஒரு நிலைக்குத்தான். அதுவும் வெளியில வாங்கல."

அதுவும் நிஜம். பண்ணையார் தன் பழைய நெல் களஞ்சியத்தைப் பிரித்திருந்தார். தகராறு தீர்ந்ததற்கு அடையாளமாக அதன் நிலையையும் கதவையும் படிப்பகத்துக்குக் கொடுத்திருந்தார். நல்ல தேக்கு. மூட்டையோடு ஆள் நுழைகிற உயரம். அந்த ஒரு நிலைதான் இருந்தது. அதை எந்தப் பக்கம் வைக்கிறார்களோ அந்தப் பக்கம்தான் வாசல். ஓவர்சீயர் வரைபடத்தைச் சுருட்டினார். "பிளான் பாஸாகி வந்துடுச்சும்மா" என்றார், கொஞ்சம் வருத்தமாக.

கடைக்கால் தோண்டி, முழங்கால் உயரத்துக்கு அடித்தளம் எழும்பியது. நிலை வைக்க நாள் குறித்தார்கள். தலைவர் பகுத்தறிவுக் கட்சி, நாள் நட்சத்திரம் பார்க்க மாட்டார். ஆனால் கொத்தனார் பார்ப்பார். நிலையை நிறுத்துமுன் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது எங்கள் பக்கத்தில் பெண்கள் செய்கிற காரியம். எல்லாத் தெருப் பெண்களும் வர வேண்டும் என்று தலைவர் தமுக்கடித்துச் சொல்லியிருந்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே நிலையில் எல்லாத் தெருக் கையும் படட்டும் என்று அவர்தான் சொன்னார்.

காலையில் நாங்கள் குடத்தில் தண்ணீரும் தட்டில் மஞ்சளுமாக வந்தோம். வழக்கம் போல வாய்க்கால் கரை வழியாகத்தான் வந்தோம். ரோட்டுப் பக்கம் நாற்காலி போட்டு, மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சு நிறைய ஆட்கள். பண்ணையார் வீட்டுக் காரியஸ்தரும் சங்கத்துக்காரர்களும் எதிரெதிராக நின்றார்கள். நிலை ரோட்டுப் பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் அந்த முழங்கால் உயர அடித்தளம் மட்டும்தான்.

"வாங்கம்மா, இந்தப் பக்கம் வாங்க" என்று தலைவர் கூப்பிட்டார்.

யாரும் அசையவில்லை. பேசிவைத்துக்கொண்டு நின்றோம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. ஒருத்தி போனால் போகலாம் என்று ஒவ்வொருத்தியும் நின்றாள். அவ்வளவுதான்.

"பாட்ட நிறுத்துங்கடா" என்றார் தலைவர். பாட்டு நின்றதும் இன்னும் மோசமாகிவிட்டது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

கொத்தனார் வெயிலைப் பார்த்தார். "தலைவரே, கொஞ்ச நேரத்துல ராவுகாலம் புடிச்சிரும்."

"நான் ராவுகாலம் பாக்கறவன் இல்லய்யா."

"நீங்க பாக்க வேணாம். நான் பாக்கறேன். நாளைக்குச் செவுரு விரிஞ்சா உங்களையா கேப்பாங்க?"

தலைவர் தன் வாட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீ வா. நீதான் இங்க சொல்லிக் கொடுக்கப் போறவ. நீ வந்தா எல்லாரும் வந்துடுவாங்க."

அக்கா என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார்: "நீ போனா நாங்களும் பின்னால வந்துடறோம். நீ சொல்றதுதான்."

நான் போனால் நிலை ரோட்டுப் பக்கம் நின்றுவிடும். ஒரு தடவை மஞ்சள் பூசி நிறுத்திய நிலையை எவனும் பெயர்க்க மாட்டான். அதற்குப் பிறகு இவர்கள் யாரும் அதன் வழியாக வரப் போவதில்லை. பண்ணையார் கதவுக்குப் பூட்டுத்தான் வரும். நான் போகவில்லை என்றால்? நேரம் தப்பும். கொத்தனார் கிளம்பிவிடுவார். அடுத்த நாள் குறிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். கட்டடமே வேறு ஊருக்குப் போகும். களத்துமேட்டில் மறுபடியும் வேலி, கொடி, மண்டை உடைப்பு. எது செய்தாலும் படிப்பகம் போய்விடும் போல இருந்தது.

இதையெல்லாம் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. டீக்கடை பெஞ்சைப் பார்த்ததும் கால் எழவில்லை. கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"எனக்குக் கூச்சமா இருக்குங்க."

டீக்கடையில் ஒரே சிரிப்பு. "டீச்சரம்மாவுக்கே கூச்சமாம்டா!" என்று ஒருவர் கத்தினார். "சிலேட்டால மூஞ்சிய மறைச்சுக்கிட்டு வரச் சொல்லு!" நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

ஓவர்சீயர் சிரிக்கவில்லை. அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு தலைவர் பக்கம் போனார்.

"தலைவரே, தினம் வர வேண்டிய அம்மா இவங்கதான். இவங்களே இந்தப் பக்கம் வர மாட்டேங்கறாங்க. அப்புறம் நாம யாருக்கு வாசல் வைக்கிறோம், டீக்கடைக்கா?"

"பிளான் பாஸாயிடுச்சுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க?"

ஓவர்சீயர் சைக்கிளில் சொருகியிருந்த வரைபடத்தை எடுத்து அடித்தளத்தின் மேல் விரித்தார். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். "இப்பப் பாருங்க. வாய்க்கா பக்கம் முன்னால வந்துடுச்சு. அளவு அதே அளவு, செவுரு அதே செவுரு. மேல நான் எழுதிக்கறேன்."

"ரோட்டுலேருந்து பாத்தா என்ன தெரியும்? பொட்டச் செவுரு."

"முழுச் செவுரும் உங்களுக்குத்தானே? எவ்வளவு பெருசா வேணும்னாலும் எழுதுங்க. பஸ்ஸுலேருந்து பாக்கறவனுக்கு வாசலா முக்கியம்? எழுத்துத்தான் முக்கியம்."

தலைவர் அந்தச் சுவர் எழும்பப் போகிற இடத்தைப் பார்த்தார். அதில் எழுத்துகளைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். முகம் மாறியது. கொத்தனார் அதற்கு மேல் பொறுக்கவில்லை. "பேசிக்கிட்டே இருங்க, நேரம் போயிட்டே இருக்கு. யாராச்சும் ஒரு கை புடிங்கப்பா!"

சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பக்கம் பிடித்தார்கள். இன்னொரு பக்கத்துக்கு ஆள் போதவில்லை. காரியஸ்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பிடித்தார். "பாத்து, எங்க தேக்கு" என்றார். "இப்ப எங்க தேக்கு" என்றான் எதிரில் பிடித்தவன். நிலை அடித்தளத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. அது வரை நட்ட கம்பு மாதிரி நின்றிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அசைந்தார்கள். மஞ்சளை யார் முதலில் பூசுவது என்று சண்டையே வந்தது. ராகு காலத்துக்கு முன்னால் நிலை நின்றுவிட்டது.

துறைப் படியில் போய் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டேன். எத்தனையோ மாதமாக மூச்சை அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் விட்ட மாதிரி இருந்தது. அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"கூச்சமாம்ல. நான் அஞ்சு வருஷம் பேசியிருந்தாக்கூட இது நடந்திருக்காது" என்றார். பிறகு, "நல்ல வேளை, நீ தைரியசாலி இல்ல" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

மழைக்கு முன் கூரை போட்டாயிற்று. ஓவர்சீயர் தானாகவே வாசலுக்குப் பக்கத்தில் குடம் வைக்க ஒரு மேடை கட்டச் சொல்லிவிட்டார். ஜன்னல் தகராறையும் அவர்தான் தீர்த்தார். உள்ளே தரையை மேடாக்கி, வெளியே பள்ளமாக விட்டார். உட்கார்ந்தால் தண்ணீர் தெரியும், கரையில் நடக்கிறவனுக்குச் சுவர்தான் தெரியும். "மனை மட்டும் நம்ம பேருல இல்ல" என்றார் அக்கா. அது பஞ்சாயத்துப் பேரில் இருந்தது. கீழத்தெருக் குடிசை மனைகளுக்குப் பட்டா வந்தது அதற்கப்புறம். ரோட்டுப் பக்கச் சுவரில் தலைவர் ஆள் உயர எழுத்தில் எழுதினார். புதிதாக வருகிற கண்டக்டர்கள், "இதுக்குள்ள எப்படிய்யா போறது, கூரையப் பிரிச்சா?" என்று கேட்பார்கள்.

ஆனால் வாசல் வைத்த அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதி முழுசு இல்லை. எங்கள் துறை மேலே, கீழத்தெருத் துறை கீழே. படிப்பகம் சரியாக நடுவில். வாசல் ஒன்று. இரண்டு பக்கமும் வருமா, வந்தால் சேர்ந்து உட்காருமா என்பது எனக்கு மட்டும் இருந்த பயம் இல்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் மத்தியானம் நான் தனியாகப் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் வந்தார்கள். வந்தவர்கள் பாய் முழுக்கப் பரவி உட்கார்ந்தார்கள். கொஞ்சம் கழித்து அக்காவும் அவர் ஆட்களும் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை.

"உள்ள ஆம்பளைங்க யாரும் இருக்காங்களா?"

"இல்லக்கா, வாங்க."

அக்கா நிலையில் கையை வைத்துக்கொண்டு உள்ளே ஒரு பார்வை பார்த்தார். "எங்க உட்கார்றது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் உள்ளே எல்லோருக்கும் அது என்ன கேள்வி என்று தெரியும். நான் வாயைத் திறந்தேன், வழக்கம் போல ஒன்றும் வரவில்லை.

வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரி சிடுசிடுப்பானவள். அவள்தான் என்னை அக்கா விஷயத்தில் அதிகம் திட்டியவள். அவள் எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"வாசல்ல நின்னுக்கிட்டு வெளிச்சத்த மறைச்சா எழுத்து எப்படித் தெரியும்? வந்து உட்காரு" என்று சொல்லிவிட்டு, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாயில் ஒரு ஆள் இடத்துக்கு நகர்ந்தாள். அவள் நகர்ந்ததால் அடுத்தவள் நகர வேண்டியிருந்தது. அப்படியே ஒவ்வொருத்தியாக நகர்ந்து நகர்ந்து, கடைசியில் சுவரோரம் இருந்த நான் பாயை விட்டே வெளியே போய்விட்டேன். வெறும் தரை, புதுச் சிமெண்ட், குளுகுளுவென்று இருந்தது. நன்றாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.